அச்சு வெல்லத்துக்கு எத்தனை முனை?

சாயங்காலம் ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். சேலம் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவில் நடக்கிற சின்ன வகுப்பு அது. நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் அன்றைக்கு ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "கனச்சதுரத்துக்கு முகம் ஆறு, விளிம்பு பன்னிரண்டு, முனை எட்டு. உருளைக்கு முகம் மூன்று, விளிம்பு இரண்டு, முனை இல்லை." வாய்ப்பாடு மாதிரி பிசிறில்லாமல் வந்தது.

பாயசத்துக்கு எடுத்து வைத்திருந்த அச்சு வெல்லம் ஒன்றைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். "இதுக்கு எத்தனை முனை, கண்ணு?"

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது புக்குல இல்லையே அக்கா."

அவள் மேல் தப்பு இல்லை. முப்பரிமாண வடிவங்களை நாம் பெரும்பாலும் தாளில்தான் காட்டுகிறோம். தாள் தட்டையானது. அதில் வரைந்த கனச்சதுரத்தின் பின்பக்கம் யாருக்கும் தெரியாது. நிஜமான கனச்சதுரத்தையே எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரு நேரத்தில் மூன்று முகங்களுக்கு மேல் கண்ணில் படாது. மீதி மூன்றும் மறைந்தே இருக்கும். படத்தைப் பார்த்து "மூணு முகம்" என்று சொல்லும் பிள்ளை, பார்த்ததைச் சரியாகத்தான் சொல்கிறது. மறைந்திருப்பதை எண்ண விரல் வேண்டும். அதனால் இதைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு தீப்பெட்டி, ஒரு டம்ளர், முடிந்தால் ஓர் அச்சு வெல்லம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். தாயக்கட்டைக்குப் பதிலாக உருட்டும் பகடையைக் காட்டி "என்ன வடிவம்?" என்றால் பாதிப் பிள்ளைகள் "சதுரம்" என்பார்கள். பந்தைக் காட்டினால் "வட்டம்". சதுரமும் வட்டமும் தாளில் கிடப்பவை. அவற்றுக்கு நீளம், அகலம் மட்டும்தான். பகடையைக் கையில் பிடிக்கலாம், பெட்டிக்குள் அடைக்கலாம், அது ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும். நீளம், அகலத்தோடு உயரமும் சேர்ந்ததால் அது முப்பரிமாண வடிவம். பகடை கனச்சதுரம், அதன் ஒவ்வொரு முகமும்தான் சதுரம். பந்து கோளம், சுவரில் விழும் அதன் நிழல் வட்டம். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் பாதி தூரம் வந்தாயிற்று.

மூன்று சொற்கள்

வெல்லத்தை மேசை மேல் வையுங்கள். மேசையோடு ஒட்டி உட்காரும் தட்டையான பரப்பு ஒரு முகம். திருப்பி வைத்தால் இன்னொரு முகம். இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு விளிம்பு, விரலை அதன் மேல் இழுத்தால் கத்தியின் முதுகு போல உணரலாம். விளிம்புகள் மூன்றோ அதற்கு மேலோ வந்து கூடும் புள்ளி முனை. விரல் நுனியில் குத்தும் இடம் அதுதான். சில புத்தகங்களில் இதையே உச்சி என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.

எண்ணும்போது பிள்ளைகள் தடுமாறுவது விளிம்பில்தான். ஒன்றிலிருந்து ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி வந்து, எட்டுக்குப் பிறகு எதை எண்ணினோம், எதை விட்டோம் என்று தெரியாமல் நிற்பார்கள். அதற்கு ஒரு வழி உண்டு. பெட்டியை மேசையில் வைத்து மேலே நாலு, கீழே நாலு, நின்ற வாக்கில் நாலு என்று மூன்று கொத்தாக எண்ணினால் பன்னிரண்டு. ஒரு கொத்துகூட விட்டுப்போகாது.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். ஆறு முகம், ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம். ஆறு நாலு இருபத்து நாலு. ஆனால் ஒரு விளிம்பை இரண்டு முகங்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன, அண்ணன் தம்பி வீடுகளுக்கு நடுவில் பொதுச்சுவர் மாதிரி. ஒவ்வொரு விளிம்பையும் இரண்டு தடவை எண்ணியிருக்கிறோம். இருபத்து நாலில் பாதி பன்னிரண்டு. முனை வழியாகப் போனாலும் அதே விடைதான்: எட்டு முனை, ஒவ்வொன்றிலும் மூன்று விளிம்பு, மொத்தம் இருபத்து நாலு. ஒரு விளிம்புக்கு இரண்டு நுனி என்பதால் பாதி, பன்னிரண்டு. மூன்று வழியில் போய் ஒரே எண்ணில் வந்து நிற்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். தங்கள் விடை சரியா என்று யாரையும் கேட்கத் தேவையில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரியவரும்.

எண்ணிக்கை ஒன்று, வடிவம் வேறு

இப்போது வெல்லத்துக்கு வருவோம். ஓமலூர்ப் பக்கத்து ஆலைகளில் கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் மர அச்சில் ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சைக் கவிழ்த்துத் தட்டினால் கட்டி கட்டியாக விழும். செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில் உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அந்த அச்சு வெல்லத்தின் முகங்களை எண்ணினால் ஆறு, விளிம்பு பன்னிரண்டு, முனை எட்டு. அந்தப் பெண் எண்ணி முடித்ததும் ஒரே உற்சாகம். "கனச்சதுரம் அக்கா!"

ஸ்கேலைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். அடிமுகம் பெரிய சதுரம், மேல்முகம் சின்னச் சதுரம். பக்கத்து நாலு முகங்களும் கீழே அகன்று மேலே குறுகுகின்றன, அதாவது சரிவகம். அச்சின் குழி நேர்ச்சுவராக இருந்தால் கட்டி சிக்கிக்கொள்ளும். சுவர் கொஞ்சம் சாய்ந்திருந்தால் கவிழ்த்ததும் நழுவி விழும். அந்தச் சாய்வுதான் வெல்லத்துக்கு இந்த வடிவத்தைக் கொடுத்தது.

அப்படியானால் அது கனச்சதுரம் இல்லை. கனச்சதுரத்தின் ஆறு முகங்களும் ஒரே அளவுச் சதுரங்களாக இருக்க வேண்டும். தீப்பெட்டி மாதிரி ஆறும் செவ்வகமாக, எதிரெதிர் முகங்கள் சம அளவாக இருந்தால் கனச்செவ்வகம். வெல்லம் இரண்டிலும் சேராது. அது ஒரு பிரமிடின் தலையைச் சீவிவிட்டது போன்றது. பெரிய வகுப்பில் இதை இடைக்கண்டம் என்பார்கள். மூன்றுக்கும் ஆறு, பன்னிரண்டு, எட்டுதான். ஆனால் மூன்றும் வேறு வேறு. முகங்கள் எத்தனை என்று கேட்டதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு முகமும் என்ன உருவம், எதற்கு எது சமம் என்றும் கேட்டால்தான் வடிவம் பிடிபடும். ஒப்பித்த அட்டவணையில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

தீப்பெட்டியிலும் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே இருக்கும் தட்டை வெளியே தள்ளிவிட்டு மேல்கூட்டை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். நாலு முகம்தான் இருக்கும், இரண்டு பக்கம் திறப்பு. தட்டுக்கு மேல்முகம் கிடையாது, ஐந்துதான். இரண்டையும் சேர்த்தால்தான் ஆறு முகமும் மூடிய கனச்செவ்வகம்.

பட்டகம், பிரமிடு என்ற இரண்டு குடும்பங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ரொட்டியை எந்த இடத்தில் வெட்டினாலும் துண்டின் உருவம் ஒன்றுபோல இருக்கிறதல்லவா? அப்படி ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை, நடுவில் எங்கே குறுக்காக வெட்டினாலும் ஒரே பலகோணம் வந்தால் அது பட்டகம். நாட்டு ஓடு வேய்ந்த வீட்டின் கூரை மட்டும் தனியே எடுத்தால் முக்கோணப் பட்டகம்: முகம் ஐந்து, விளிம்பு ஒன்பது, முனை ஆறு. சீவாத புதுப் பென்சில் அறுகோணப் பட்டகம். எட்டு முகம், பதினெட்டு விளிம்பு, பன்னிரண்டு முனை. பென்சிலைக் கையில் உருட்டி எண்ணச் சொல்லுங்கள். தினமும் பிடித்து எழுதும் பொருளில் இத்தனை இருக்கிறதா என்று ஆச்சரியப்படுவார்கள். பிரமிடு அடியில் பலகோணமாகத் தொடங்கி ஒரே முனையில் போய் முடியும். அடி சதுரமாக இருந்தால் முகம் ஐந்து, விளிம்பு எட்டு, முனை ஐந்து. அடியும் முக்கோணமாகிவிட்டால் அது நான்முகி: நாலு முகம், ஆறு விளிம்பு, நாலு முனை. டீக்கடைச் சமோசா ஏறக்குறைய நான்முகிதான். உள்ளே மசாலா அடைத்ததில் முகம் கொஞ்சம் உப்பியிருக்கும், அவ்வளவே.

உருட்டிப் பார்த்தால் தெரியும்

இனி வளைந்த முகம் உள்ளவை. உருளை என்றதும் பிள்ளைகள் மனதில் கேஸ் சிலிண்டர் மாதிரி உயரமாக ஒன்று நிற்கும். சேலத்துப் பிள்ளைகளுக்கு நான் தட்டுவடை செட்டைச் சொல்வேன். சாயங்காலம் தள்ளுவண்டியில் இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் கேரட், பீட்ரூட் துருவலும் வெங்காயமும் வைத்துத் தருவார்களே, அந்தத் தட்டுவடை ஒவ்வொன்றும் உயரம் குறைந்த உருளைதான். மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம், சுற்றி மெல்லிய வளைந்த முகம். ஐந்து ரூபாய் நாணயமும் அப்படியே. நாணயங்களை அடுக்கிக்கொண்டே போனால் உயரமான உருளை எழும்பும். உயரம் மாறலாம், வடிவம் அதேதான்.

டம்ளரும் உருளை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் முன்பு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் திண்ணையில் படுக்க வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரை ஒரு பையன் தெரியாமல் தட்டிவிட்டான். அது நேராக ஓடவில்லை. அரைவட்டம் அடித்துத் திரும்பி அவன் காலடிக்கே வந்தது. பக்கத்தில் இருந்த பவுடர் டப்பாவைத் தள்ளிப் பார்த்தோம், அது நேராகப் போய்ப் படியில் விழுந்தது. ஏன் என்று அன்றைக்கு முழுக்க அதே பேச்சு. டம்ளரின் வாய் அகலம், அடி குறுகல். ஒரு சுற்றுச் சுற்றும்போது வாய்ப்பக்கம் அதிக தூரமும் அடிப்பக்கம் குறைந்த தூரமும் போகும். அதனால் அடிப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். டம்ளர் உண்மையில் கூம்பின் இடைக்கண்டம், வெல்லத்துக்கு வட்டமான உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். கடலைப் பொட்டலக் கூம்பை உருட்டினால் இன்னும் நன்றாகத் தெரியும். அது தன் முனையை நட்டநடுவில் வைத்துக்கொண்டு சுற்றி வரும். கோளம் எந்தத் திசையில் தள்ளினாலும் போகும். ஆக, கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதை உருட்டிப் பார்த்துப் பிரித்துவிடலாம்.

கோளத்துக்குச் சேலத்தில் உதாரணம் தேட வேண்டியதே இல்லை. குச்சிக்கிழங்கைத் தோல் சீவி அரைத்து, பாலெடுத்து, தொட்டியில் தெளிய விட்டால் அடியில் மாவு கெட்டியாகப் படியும். சேகோ பாக்டரியில் அந்த ஈர மாவைப் பொடித்துப் போட்டுக் குலுக்குவார்கள். துகள்கள் ஒன்றின் மேல் ஒன்று உருள உருள மாவு ஒட்டிச் சின்னச் சின்ன உருண்டைகளாகும். பிறகு சலித்து, வறுத்து, களத்தில் காய வைத்தால் ஜவ்வரிசி. இவ்வளவு உருண்டையையும் யாரும் கையால் பிடிக்கவில்லை, அச்சும் கிடையாது. உருளும்போது எங்காவது ஒரு மூலை துருத்திக்கொண்டிருந்தால் அதுதான் முதலில் இடிபட்டுத் தேயும். பள்ளமான பக்கத்தில் மாவு ஒட்டும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உருண்டதால் நடு மையத்திலிருந்து மேற்பரப்பு எங்கும் ஏறக்குறைய ஒரே தூரம் ஆகிவிடுகிறது. கோளத்தின் இலக்கணம் அதுதான்: மேற்பரப்பில் எந்தப் புள்ளியைத் தொட்டாலும் மையத்திலிருந்து ஒரே தூரம். அதனால்தான் அதற்கு விளிம்பும் இல்லை, முனையும் இல்லை. ஒரு பிடி ஜவ்வரிசியைக் கையில் அள்ளி இதைச் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

சேலத்து மாம்பழத்தைச் சொல்லலாமே என்று கேட்பார்கள். குண்டு மாம்பழம்கூட ஒரு பக்கம் உப்பி ஒரு பக்கம் ஒடுங்கித்தான் இருக்கும். அது கோளம் ஆகாது. எல்லாப் பொருளுக்கும் கணக்கில் ஒரு பெயர் இருந்தாக வேண்டும் என்று இல்லை, பிள்ளைகளிடம் அதையும் சொல்லிவிடுவது நல்லது.

சரி, உருளைக்கு விளிம்பு இரண்டா, இல்லவே இல்லையா? பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. நம் பாடங்களில் தட்டையான முகமும் வளைந்த முகமும் சந்திக்கும் வட்டத்தையும் விளிம்பு என்றே எண்ணுகிறோம். அப்படி எண்ணினால் உருளைக்கு முகம் மூன்று, விளிம்பு இரண்டு, முனை இல்லை. கூம்புக்கு முகம் இரண்டு, விளிம்பு ஒன்று, முனை ஒன்று; விளிம்புகள் வந்து கூடாவிட்டாலும் அதன் கூர்நுனியை முனை என்றே எண்ணுகிறோம். கோளத்துக்கு வளைந்த முகம் ஒன்று மட்டும். விளிம்பு என்றால் நேர்க்கோடு, முகம் என்றால் தட்டை என்று கண்டிப்பாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அவர்கள் கணக்கில் வட்டம் விளிம்பில் சேராது. இரண்டுமே தவறில்லை, எந்தப் பொருளில் சொல்லை எடுத்துக்கொண்டோம் என்பதுதான் கேள்வி. பிள்ளை தேர்வில் பாடப்புத்தகம் சொன்னபடி எழுதட்டும். வீட்டில் இரண்டையும் பேசலாம்.

இரண்டு என்ற எண்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். கனச்சதுரத்தின் முகத்தையும் முனையையும் கூட்டுங்கள்: ஆறும் எட்டும் பதினாலு. விளிம்பு பன்னிரண்டைக் கழியுங்கள். மீதி இரண்டு. முக்கோணப் பட்டகம்: ஐந்தும் ஆறும் பதினொன்று, ஒன்பது போனால் இரண்டு. சமோசா: நாலும் நாலும் எட்டு, ஆறு போனால் இரண்டு. பென்சில்: எட்டும் பன்னிரண்டும் இருபது, பதினெட்டு போனால் அதே இரண்டு.

லியோனார்டு ஆய்லர் என்ற கணித மேதை 1750இல் தன் நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொன்னார். கிரேக்கர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கனச்சதுரத்தையும் நான்முகியையும் நுணுகி ஆராய்ந்தவர்கள். அவர்கள் கண்ணுக்கு இது தப்பிவிட்டது. கோணம், நீளம், பரப்பு என்று அளந்துகொண்டிருந்தவர்கள் நடுவில், முகத்தையும் விளிம்பையும் முனையையும் சும்மா எண்ணிப் பார்ப்போம் என்று ஆய்லருக்குத் தோன்றியிருக்கிறது. திண்ணையில் பிள்ளைகள் செய்வதும் அதே வேலைதான்.

இதை நம்பச் சொல்லாமல் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெல்லத்தை வெட்டினால் உதிர்ந்துவிடும். அதனால் ஒரு துணி சோப்புக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள், கத்தி பெரியவர்கள் கையில் இருக்கட்டும். ஒரு மூலையை மட்டும் சாய்வாகச் சீவி எடுங்கள். முன்பு ஒரு முனை இருந்த இடத்தில் இப்போது சின்ன முக்கோண முகம் ஒன்று வந்திருக்கும். விரலால் தடவினால் அதைச் சுற்றி மூன்று புது விளிம்பு, மூன்று புது முனை. பழைய முனை ஒன்று போய்விட்டது. இப்போது முகம் ஏழு, முனை பத்து, விளிம்பு பதினைந்து. ஏழும் பத்தும் பதினேழு, பதினைந்து போனால் இரண்டு! இன்னொரு மூலையைச் சீவினால் முகம் எட்டு, முனை பன்னிரண்டு, விளிம்பு பதினெட்டு. மறுபடியும் இரண்டு. காரணம் புரிகிறதா? ஒவ்வொரு முறை சீவும்போதும் முகம் ஒன்றும் முனை இரண்டும் கூடுகின்றன. விளிம்பு மூன்று கூடுகிறது. கூடியதும் கழிந்ததும் சரிக்குச் சரி.

உருளையில் போட்டுப் பார்த்தால் மூன்றும் பூச்சியமும் கூட்டி இரண்டைக் கழித்தால் ஒன்றுதான் வருகிறது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைக் கண்டுபிடித்துவிட்டு, "ஆய்லர் தப்பு" என்று அறிவித்தான். ஆய்லர் சொன்னது தட்டை முகம் கொண்ட வடிவங்களுக்கு. ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. லேபிள் ஒட்டிய தகர டப்பாவை எடுங்கள். லேபிளின் இரண்டு ஓரங்கள் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டையும் விளிம்பாக எண்ணுங்கள், கோடு வட்டங்களைத் தொடும் இரண்டு புள்ளிகளையும் முனையாக எண்ணுங்கள். இப்போது முகம் மூன்று, முனை இரண்டு, விளிம்பு மூன்று. கூட்டிக் கழித்தால் இரண்டு. அந்தப் பையன் கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நடுவில் ஓட்டை இருந்தால் மட்டும் கதை மாறும். கண்ணாடியையும் பின்அட்டையையும் கழற்றிய மரப் போட்டோ பிரேமில், நாலு சட்டங்கள் மூலையில் சாய்வாகச் சேரும் கோடுகளையும் சேர்த்து எண்ணினால் முகம் பதினாறு, முனை பதினாறு, விளிம்பு முப்பத்திரண்டு. மீதி பூச்சியம். தட்டுவடைக்கும் உளுந்து வடைக்கும் கணக்கில் இருக்கும் வித்தியாசம் இதுதான்.

பிரித்தால் என்ன ஆகும்

ஸ்வீட் கடை அட்டைப் பெட்டியை ஓரங்களில் பிரித்துத் தரையில் பரப்பினால் முகங்கள் எல்லாம் ஒரே தளத்தில் வந்துவிடும். இதைக் கணக்கில் வலை என்பார்கள். கனச்சதுரத்துக்கு ஒரே மாதிரி ஆறு சதுரங்களைச் சிலுவை போல அடுக்கிய வலைதான் எல்லாருக்கும் தெரியும். மொத்தம் பதினொரு விதமான வலைகள் உண்டு. கட்டம் போட்ட நோட்டில் ஆறு கட்டங்களை ஒட்டினாற்போல வரைந்து, வெட்டி, மடித்துப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடிவிடும். எது மடங்கும், எது ஒன்றின் மேல் ஒன்று விழும் என்று மனதிலேயே மடித்துப் பார்க்கும் பழக்கம் அதில் வரும். தகர டப்பாவின் லேபிளை உரித்தால் ஒரு செவ்வகம் கிடைக்கும். அதன் நீளம்தான் டப்பாவின் சுற்றளவு. கூம்பைப் பிரித்தால் விசிறி போல ஒரு வட்டத்துண்டு.

கோளத்தை மட்டும் விரிக்க முடியாது. ஏற்காட்டு ஆரஞ்சு ஒன்றை உரித்து, தோலைத் தரையில் அழுத்திப் பாருங்கள். எப்படி அழுத்தினாலும் ஓரம் கிழியும். கிழியாமலோ சுருங்காமலோ கோளத்தைத் தட்டையாக்கவே முடியாது என்பதற்கான காரணத்தை காஸ் என்ற கணித அறிஞர் 1827இல் நிறுவினார். பள்ளிச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் கிரீன்லாந்து அவ்வளவு பெரிதாகத் தெரிவதும் இந்த ஆரஞ்சுத் தோல் சங்கடத்தால்தான்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இருந்தால் ஜவ்வரிசியை மறுபடி எடுங்கள். கெட்டி அட்டையில் ஒரு கூம்பு செய்யுங்கள். அதன் வாயைச் சுற்றி இன்னோர் அட்டையை வளைத்து ஒட்டி, கூம்பின் உயரத்துக்கே வெட்டினால் அதே அடி, அதே உயரம் கொண்ட உருளை வந்துவிடும். அடியை மூடிவிடுங்கள். கூம்பு நிறைய ஜவ்வரிசியைத் தலைதட்டி அளந்து உருளைக்குள் கொட்டச் சொல்லுங்கள். எத்தனை தடவையில் நிறையும் என்று முதலில் ஊகிக்கட்டும். பெரும்பாலும் இரண்டு என்பார்கள். மூன்று தடவை கொட்டினால்தான் நிறையும். அந்த உருளையின் உயரம் அதன் அகலத்துக்குச் சமமாக அமைந்து, அதற்குள் ஒரு பந்து கச்சிதமாகப் பொருந்தினால், கூம்பு ஒரு பங்கு, பந்து இரண்டு பங்கு, உருளை மூன்று பங்கு. பந்துக்கும் உருளைக்கும் உள்ள இந்த உறவைக் கண்டறிந்த ஆர்க்கிமிடீஸ், தன் கல்லறையில் உருளைக்குள் கோளம் இருக்கும் உருவத்தைச் செதுக்கச் சொன்னாராம். அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, சிசெரோ என்ற ரோமானியர் முட்புதருக்குள் அந்த உருவத்தைப் பார்த்துத்தான் கல்லறையை அடையாளம் கண்டார்.

தை மாதம் பிள்ளைகளை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னலோரச் சண்டை. காப்பித் தோட்டம் ஒன்றில் களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. வேலை செய்யும் ஒரு பாட்டி காய்ந்ததை அள்ளி ஓரிடத்தில் மேலிருந்து கொட்டிக்கொண்டிருந்தார். முறம் முறமாகக் கொட்டக் கொட்ட, உச்சியில் விழுந்த மிளகு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சரிந்து, குவியல் கூம்பாகவே வளர்ந்தது. நாலாம் வகுப்புப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "பெருசாயிட்டே போகுது, ஆனா சாய்வு மாறல அக்கா" என்றாள். உண்மைதான். சாய்வு அதற்கு மேல் செங்குத்தானால் மிளகு நிற்காமல் உருண்டுவிடும்.

அங்கிருந்து பகோடா பாயிண்ட் போனோம். கற்களை அடுக்கிய குவியலால்தான் அந்த இடத்துக்கு அப்படிப் பெயர், பிரமிடு பாயிண்ட் என்றும் சொல்வார்கள். பள்ளத்தாக்கைப் பார்க்க எல்லாரும் ஓடினார்கள். அந்தப் பெண் மட்டும் கற்குவியலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். என்ன கண்ணு என்றேன்.

"கூம்பா பிரமிடான்னு பாக்கறேன். பிரமிடுன்னா மேலயிருந்து கீழ வரைக்கும் விளிம்பு வரணும்ல?"

கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே இன்னொரு சுற்று வந்தாள்.